999 வருடக் குத்தகையும் 16 ஏக்கர் கணினி உலகமும்

தேனி மாவட்டத்தில் உத்தமபாளையத்திலிருந்து கம்பம் போகும் சாலையில் இருக்கிறது அனுமந்தன்பட்டி பேரூராட்சி. இந்தப் பள்ளத்தாக்கின் இருபோக நெல் வயல்கள் முல்லைப் பெரியாறு தண்ணீரை நம்பி இருப்பவை. லோயர் கேம்ப் தொடங்கி பழனிசெட்டிபட்டி வரை 14,707 ஏக்கர் என்பது இங்குள்ள விவசாயிகளுக்கு மனப்பாடமான கணக்கு.

அந்தத் தண்ணீர் தேங்கி நிற்கும் நிலம் குத்தகை நிலம். 1886 அக்டோபர் 29 அன்று திருவிதாங்கூர் சமஸ்தானத்துக்கும் பிரிட்டிஷ் இந்திய அரசுக்கும் இடையே 999 வருடங்களுக்கு ஓர் ஒப்பந்தம் கையெழுத்தானது. ஏறத்தாழ 8,000 ஏக்கர். ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய். ஆக மொத்தம் வருடத்துக்கு 40,000 ரூபாய். 1895இல் அணை திறக்கப்பட்டது. 1970இல் ஒப்பந்தம் திருத்தப்பட்டு வாடகை ஏக்கருக்கு 30 ரூபாயாக உயர்ந்தது. மீன்பிடி உரிமை கேரளத்துக்குப் போனது. அணையைப் பற்றிப் பேச்சு எழும்போதெல்லாம் அந்த 1886ஆம் வருடப் பத்திரத்தைத்தான் இரு தரப்பும் கையில் எடுக்கின்றன.

ஆக, அடுத்தவர் நிலத்தில் ஒன்றைக் கட்டினால் பத்திரத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதுதான் முக்கியம். இது கம்பம் பள்ளத்தாக்குக்குப் புதிய பாடம் இல்லை. ஆனால் கணினிக்குள் ஊர் கட்டியவர்கள் இதைக் கற்றுக்கொள்ள முப்பது வருடம் ஆனது!

மெய்நிகர் உலகம் என்றால் என்ன?

கணினித் திரைக்குள் ஓர் ஊர். அதில் தெரு உண்டு, வீடு உண்டு, மரம் உண்டு. உள்ளே நுழைகிறவருக்கு ஒரு பொம்மை உருவம் கிடைக்கும். அவதாரம் என்னும் நம் சொல்லையே ஆங்கிலத்திலும் அதற்கு வைத்துவிட்டார்கள். அந்த உருவத்தைக் கொண்டு நடக்கலாம், பேசலாம், நிலம் எடுத்து வீடு கட்டலாம். கணினியை அணைத்துவிட்டு மறுநாள் வந்தாலும் கட்டிய வீடு அங்கேயே நிற்கும். சாதாரண கணினி விளையாட்டுக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுதான்.

வீடு எங்கே நிற்கிறது? எங்கோ ஒரு மூலையில் ஓடிக்கொண்டிருக்கும் சர்வரில், அதாவது மற்ற கணினிகளுக்குச் சேவை வழங்கும் கணினியில். அந்த சர்வர் யாருடையது, அதில் ஓடும் மென்பொருள் யாருடையது என்ற இரண்டு கேள்விகள்தான் மெய்நிகர் உலகங்களின் வரலாறு முழுவதும் வந்துகொண்டே இருக்கின்றன.

எழுத்தால் ஆன ஊர்கள்

முதல் ஊர்களில் படமே கிடையாது. 1978இல் இங்கிலாந்தின் எசெக்ஸ் பல்கலைக்கழகத்தில் ராய் ட்ரப்ஷா என்ற மாணவர் "மட்" என்ற நிரலை எழுதத் தொடங்கினார். அவருக்குப் பிறகு ரிச்சர்ட் பார்ட்டில் அதை வளர்த்தெடுத்தார். "நீ ஒரு குறுகிய சாலையில் நிற்கிறாய்" என்பது போல எழுத்து வரும். "வடக்கே போ" என்று தட்டினால் அடுத்த இடத்தின் வர்ணனை வரும். அதே இடத்தில் இன்னொருவர் இருந்தால் அவரிடம் பேசலாம். அவ்வளவுதான். ஆனால் மாணவர்கள் இரவெல்லாம் விழித்திருந்து அதில் கிடந்தார்கள்.

1987இல் வேல்ஸ் நாட்டின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் ஆலன் காக்ஸ் என்ற மாணவரும் நண்பர்களும் "அபர்மட்" என்ற இன்னொன்றை எழுதினார்கள். பின்னாளில் லினக்ஸ் கருநிரலை வளர்த்த முக்கியமானவர்களில் ஒருவர் இதே ஆலன் காக்ஸ்தான். அபர்மட் சி மொழிக்கு மாற்றப்பட்டதும் யுனிக்ஸ் கணினி இருந்த கல்லூரிகளுக்கெல்லாம் பரவியது. 1989இல் அமெரிக்காவின் கார்னெகி மெல்லன் பல்கலைக்கழகத்தில் ஜேம்ஸ் ஆஸ்ப்னஸ் "டைனிமட்" எழுதினார். 1991இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் பல்கலைக்கழக மாணவர்கள் "டிகுமட்" எழுதி மூலநிரலோடு வெளியிட்டார்கள்.

மூலநிரல் கையில் கிடைத்ததால் நடந்தது என்ன? ஒரே ஊர் ஓராயிரம் ஊரானது. யார் வேண்டுமானாலும் தன் கல்லூரிக் கணினியில் ஓர் உலகத்தை ஓட்டலாம். ஒன்று மூடப்பட்டால் அதில் பழகியவர்கள் இன்னொன்றைத் தொடங்கினார்கள். விதைநெல்லைக் கையில் வைத்திருப்பவன் ஒரு போகம் பொய்த்தாலும் அடுத்த போகம் விதைப்பான் அல்லவா, அது போல.

படம் வந்தது, பூட்டும் வந்தது

1986இல் லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் "ஹேபிடட்" என்ற உலகத்தைச் சோதனைக்கு விட்டது. கொமடோர் 64 கணினியில் தொலைபேசி வழியாக நுழைய வேண்டும். சிப் மார்னிங்ஸ்டார், ரேண்டி ஃபார்மர் இருவரும் உருவாக்கிய இதில்தான் முதன்முதலாகப் பலர் சேர்ந்து வாழும் ஊர் படமாகத் தெரிந்தது. 1988இல் சோதனை முடிந்தது, ஊரும் முடிந்தது. பல வருடங்கள் கழித்து, 2016இல், அமெரிக்காவில் ஓக்லண்டில் உள்ள ஓர் அருங்காட்சியகத்தின் முயற்சியால் அதன் மூலநிரல் வெளியிடப்பட்டது. "நியோஹேபிடட்" என்ற பெயரில் தன்னார்வலர்கள் அதை மீண்டும் ஓடவைத்தார்கள். செத்த ஊர் மூலநிரலால் பிழைத்தது!

எல்லா ஊருக்கும் அந்த அதிர்ஷ்டம் வாய்க்கவில்லை. கூகுள் 2008 ஜூலையில் "லைவ்லி" என்ற உலகத்தைத் தொடங்கி அதே வருடம் டிசம்பர் 31 அன்று மூடியது. "மெட்டாபிளேஸ்" 2010 ஜனவரி 1 அன்று மூடப்பட்டது. "தேர்" என்ற உலகம் 2010 மார்ச்சில் மூடப்பட்டு இரண்டு வருடம் கழித்துத்தான் திரும்ப வந்தது. ஒவ்வொரு முறையும் ஒரே கதைதான். நிறுவனத்துக்குக் கட்டுப்படியாகவில்லை, ஓர் அறிவிப்பு வரும், தேதி குறிப்பார்கள், அந்தத் தேதியில் எல்லார் வீடும் மறையும். குடியிருந்தவர்களுக்குக் கேள்வி கேட்க இடமில்லை. ஏனென்றால் உள்ளே நுழையும்போது "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்தியவர்கள் அவர்கள்தான். அந்தப் பொத்தானுக்குப் பின்னால் இருந்ததுதான் குத்தகைப் பத்திரம். படித்தவர்கள் எத்தனை பேர்?

செகண்ட் லைஃப்: வாடகை நிலம்

இந்த உலகங்களில் மிகப் புகழ்பெற்றது லிண்டன் லேப் நிறுவனம் 2003இல் திறந்த "செகண்ட் லைஃப்". நிறுவனர் பிலிப் ரோஸ்டேல். உள்ளே இருக்கும் வீடு, உடை, கார் எல்லாவற்றையும் குடியிருப்பவர்களே செய்து விற்றார்கள். அதற்கென்று தனி நாணயம். பல்கலைக்கழகங்கள் வகுப்பறை கட்டின. 2007 மே மாதம் சுவீடன் நாடு அதற்குள் ஒரு தூதரக மாளிகையே திறந்தது.

நிலம் வேண்டுமென்றால் பணம். 2006 இறுதியில் ஒரு தனித் தீவின் விலை 1,675 டாலர், அதன்பின் மாதாமாதம் 295 டாலர். அந்தத் தீவின் அளவு 256 மீட்டருக்கு 256 மீட்டர். கணக்குப் போட்டுப் பாருங்கள், 65,536 சதுர மீட்டர், அதாவது 16 ஏக்கருக்குக் கொஞ்சம் மேல். முல்லைப் பெரியாறு குத்தகை நிலம் அளவுக்கு வேண்டுமென்றால் இப்படி 494 தீவுகள் வாங்க வேண்டும்!

"உன் நிலம் உனக்கே சொந்தம்" என்ற பேச்சு நிஜமா என்பது சீக்கிரமே நீதிமன்றத்துக்குப் போனது. 2006இல் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஒரு வழக்கறிஞரின் கணக்கை லிண்டன் லேப் முடக்கியது. முறைகேடான வழியில் ஏலத்தில் நிலம் வாங்கினார் என்பது நிறுவனத்தின் வாதம். தன் சொத்தைப் பறித்துவிட்டார்கள் என்பது அவர் வாதம். தகராறை நடுவரிடம்தான் கொண்டுபோக வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருந்த பகுதி ஒருதலைப்பட்சமானது என்று 2007 மே மாதம் நீதிபதி அதைத் தள்ளினார். ஆனால் நிலம் யாருடையது என்ற மூலக் கேள்விக்குத் தீர்ப்பு வரும் முன்பே வழக்கு சமரசத்தில் முடிந்துவிட்டது.

2007 ஜனவரி: கதவு திறந்தது

2007 ஜனவரி 8 அன்று லிண்டன் லேப் ஒரு பெரிய காரியம் செய்தது. செகண்ட் லைஃபுக்குள் நுழைய ஒவ்வொருவரும் தம் கணினியில் வைத்திருக்கும் "வியூவர்" மென்பொருளின் மூலநிரலை ஜி.பி.எல். உரிமத்தில் வெளியிட்டது. சர்வர் மென்பொருளை வெளியிடவில்லை. அதாவது ஊருக்குப் போகும் வண்டியின் வரைபடம் எல்லாருக்கும் கிடைத்தது, ஊர் மட்டும் பூட்டியே இருந்தது.

வண்டி எப்படி ஓடுகிறது என்று தெரிந்துவிட்டால், அது வந்து நிற்கும் ஊரை வேறொருவர் கட்ட முடியாதா? அதே மாதத்தில் டேரன் கார்ட் என்பவர் "ஓப்பன்சிமுலேட்டர்" என்ற திட்டத்தைத் தொடங்கினார். சுருக்கமாக ஓப்பன்சிம். செகண்ட் லைஃப் சர்வரின் ஒரு வரியைக்கூடப் பார்க்காமல், வியூவரோடு அது பேசும் முறையை மட்டும் அறிந்துகொண்டு, சி ஷார்ப் மொழியில் புதிதாக எழுதப்பட்ட சர்வர் அது. பி.எஸ்.டி. உரிமத்தில் வெளிவந்தது. யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கலாம். மூலநிரலை எழுதியவர் பெயரை மட்டும் அழிக்கக்கூடாது. குத்தகைப் பத்திரத்துக்குப் பதிலாக பட்டாவே கைக்கு வந்தது போல.

இதை ஓட்டுவது எப்படி? மென்பொருளை இறக்கி, விரித்து, இயக்க வேண்டும். லினக்ஸ் கணினியில் முன்பு மோனோ என்ற துணை மென்பொருள் வேண்டியிருந்தது. இப்போதைய பதிப்புகள் டாட்நெட்டில் ஓடுகின்றன. முதல் முறை இயக்கும்போது உலகத்தின் பெயர், உரிமையாளர் பெயர் என்று சில கேள்விகள் கேட்கும். பதில் சொன்னதும் கடலுக்கு நடுவே ஒரு சிறு தீவு எழும்பும். ஃபயர்ஸ்டார்ம் போன்ற ஒரு வியூவரில் அந்தக் கணினியின் முகவரியைக் கொடுத்தால் உள்ளே போய்விடலாம். 1,675 டாலர் கேட்ட அதே 16 ஏக்கர், இங்கே காலணா செலவில்லை. வேண்டுமென்றால் பக்கத்தில் இன்னொரு 16 ஏக்கர், அதன் பக்கத்தில் இன்னொன்று. கணினியின் நினைவகம் தாங்கும்வரை.

இதைவிட முக்கியமான ஒரு வசதி உண்டு. தீவையும் அதில் உள்ள வீடு, மரம், மண் மேடு எல்லாவற்றையும் ஓ.ஏ.ஆர். என்ற ஒரே கோப்பாகச் சேமிக்கலாம். அந்தக் கோப்பைப் பென்டிரைவில் போட்டு இன்னொரு ஊரில் இன்னொரு கணினியில் திறந்தால் அதே தீவு அங்கே முளைக்கும். ஊரையே சட்டைப் பையில் கொண்டுபோகலாம்!

ஊருக்கு ஊர் சாலை

சொந்தமாக ஆளுக்கொரு தீவு இருந்தால் போதுமா? பக்கத்து ஊருக்குப் போக முடியாவிட்டால் அது தனிச்சிறை. 2008 ஜூலையில் லிண்டன் லேபும் ஐ.பி.எம். நிறுவனமும் சேர்ந்து, செகண்ட் லைஃபின் சோதனைப் பகுதியிலிருந்து ஓர் ஓப்பன்சிம் சர்வருக்கு அவதாரங்களை அனுப்பிக் காட்டின. உருவம் மட்டும் போனது, உடைமை எதுவும் போகவில்லை. அந்தச் சோதனை அதற்கு மேல் வளரவில்லை.

சாலையைப் போட்டவர் கலிபோர்னியா பல்கலைக்கழகத்தின் இர்வைன் வளாகத்தில் பேராசிரியராக இருந்த கிறிஸ்டினா லோப்பஸ். "ஹைப்பர்கிரிட்" என்ற அவரது ஏற்பாட்டின்படி, ஒருவர் தன் வீட்டு சர்வரில் கணக்கு வைத்துக்கொண்டே வேறொருவர் ஓட்டும் உலகத்துக்குப் போய் வரலாம். அனுமந்தன்பட்டிக்காரர் கம்பத்துச் சந்தைக்குப் போய்வரப் புது ரேஷன் கார்டு எடுக்க வேண்டியதில்லை அல்லவா? அது போலத்தான்.

2007இலேயே தொடங்கிய "ஓஎஸ்கிரிட்" இதற்கு நல்ல உதாரணம். பலர் தங்கள் வீட்டுக் கணினியில் தீவை ஓட்டி, அதைப் பொதுவான வரைபடத்தில் இணைத்துக்கொண்டார்கள். 2010 அக்டோபரில் லிண்டன் லேப் கல்வி நிறுவனங்களுக்குத் தந்துவந்த பாதி விலைச் சலுகையை அடுத்த ஜனவரி முதல் நிறுத்துவதாக அறிவித்ததும், ஆசிரியர்கள் பலர் ஓப்பன்சிம் பக்கம் நகர்ந்தார்கள். 2013இல் சலுகை திரும்ப வந்தது. ஆனால் போனவர்களில் பலர் அதற்குள் சொந்த வீடு கட்டியிருந்தார்கள்.

சொந்த வீட்டின் கஷ்டங்கள்

இதுவரை படித்தால் திறமூலம் வந்ததும் எல்லாம் சுபம் என்று தோன்றும். அப்படி இல்லை. வாடகை வீட்டில் கூரை ஒழுகினால் உரிமையாளரைத் திட்டலாம். சொந்த வீட்டில் யாரைத் திட்டுவது?

2014 ஆகஸ்டில் ஓஎஸ்கிரிட்டின் சேமிப்பு வட்டுகள் பழுதாகின. பல மாதங்கள் அந்த உலகம் இருண்டு கிடந்தது. தன்னார்வலர்கள் மீட்டுக் கொண்டுவர அடுத்த வருடம் ஆனது. தன் தீவைக் கோப்பாகச் சேமித்து வைத்திருந்தவர் வேறிடத்தில் திறந்துகொண்டார். சேமிக்காதவர் காத்திருந்தார்.

இன்னொரு குறையும் உண்டு. சர்வரை ஓட்டுகிறவருக்கு அதற்குள் இருக்கும் எதையும் நகலெடுக்கும் சக்தி இருக்கிறது. செகண்ட் லைஃபில் உடையும் வீடும் செய்து விற்றுப் பிழைத்த கலைஞர்கள் பலர், தங்கள் உழைப்பு திருடுபோகும் என்று பயந்து ஓப்பன்சிம் பக்கம் வரத் தயங்கினார்கள். அந்தப் பயத்தில் நியாயம் இருந்தது. பூட்டு இல்லாத ஊரில் நல்லவர்களுக்கு மட்டுமா கதவு திறந்திருக்கும்?

தமிழ்நாட்டுக்கென்று தனிக் கஷ்டம் மின்சாரம். 2012இல் பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தது. அந்த நாட்களில் வீட்டில் ஒரு சர்வரை ஓட்டினால் அந்த உலகத்திலும் பாதி நாள் இருட்டுதான். பல வீட்டு இணைய இணைப்புகளில் வெளியிலிருந்து அழைப்பதற்குத் தனி முகவரி கிடைப்பதில்லை என்பது இன்னொரு தடை. அப்போது வேறெங்காவது ஒரு சர்வரை வாடகைக்கு எடுக்க வேண்டும். மறுபடியும் குத்தகைதானே என்று கேட்கலாம். ஆமாம், ஆனால் வாடகை ஏறினால் ஊரைக் கோப்பாகச் சுருட்டிக்கொண்டு அடுத்த இடத்துக்குப் போகலாம். அணையை அப்படிச் சுருட்ட முடியாது!

கிருஷ்ணகிரியில் ஒரு வரவேற்பு

2022 பிப்ரவரி 6 அன்று மெய்நிகர் உலகம் தமிழ்நாட்டுக் கிராமத்துக்கே வந்தது. கிருஷ்ணகிரி மாவட்டம் சிவலிங்கபுரத்தில் திருமணம் செய்த ஒரு ஜோடி, மாலை வரவேற்பை "மெட்டாவெர்ஸ்" என்ற பெயரில் இணைய உலகில் நடத்தியது. சென்னையைச் சேர்ந்த டார்டிவெர்ஸ் என்ற நிறுவனம் அந்த மண்டபத்தை அமைத்துக் கொடுத்தது. ஹாரி பாட்டர் கதையில் வரும் பள்ளி போன்ற அரங்கு. விருந்தினர்கள் ஃபோனிலும் மடிக்கணினியிலும் நுழைந்தார்கள். மறைந்துபோன மணமகளின் தந்தை, ஓர் அவதாரமாக அங்கே நின்று வாழ்த்தினார்.

செய்தித்தாள்கள் இதை அதிசயம் என்று எழுதின. அந்தக் குடும்பத்துக்கு அது அதிசயத்தைவிடப் பெரியது. இங்கேதான் பழைய கேள்வி வேறு கனத்தோடு வருகிறது. செகண்ட் லைஃபில் போனது ஒரு வீடு, ஒரு கடை. அப்பாவின் உருவம் நிற்கும் மண்டபம் என்றால்? இப்படிப்பட்ட ஓர் இடத்துக்குப் பத்து வருடம் கழித்தும் குடும்பத்தோடு போக ஒருவர் விரும்பினால், சாவி யாரிடம் இருக்க வேண்டும்?

அண்மை வருடங்கள் இதற்கு இரண்டு பதில் தந்தன. மைக்ரோசாஃப்ட் நடத்திய "ஆல்ட்ஸ்பேஸ்விஆர்" 2023 மார்ச் 10 அன்று மூடப்பட்டது. அதோடு அந்த உலகங்களின் கதை முடிந்தது. மொசில்லா நடத்திய "ஹப்ஸ்" 2024 மே 31 அன்று நிறுத்தப்பட்டது. ஆனால் ஹப்ஸின் நிரல் திறமூலம். எனவே அதன் பயனர்கள் ஓர் அறக்கட்டளை அமைத்து வேலையைத் தொடர்ந்தார்கள். சொந்த சர்வரில் ஓட்ட விரும்புகிறவர்கள் ஓட்டலாம். இரண்டும் பெரிய இடத்துப் பிள்ளைகள்தான், இரண்டையும் பெற்றவர்கள் கைவிட்டார்கள். ஒன்று மட்டும் பிழைத்ததற்குக் காரணம் பத்திரம்.

அனுமந்தன்பட்டியில் முடியுமா?

முடியும். 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் மாணவர்களுக்குக் கிடைத்த கணினிகளில் விண்டோஸோடு பாஸ் லினக்ஸும் இருந்தது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய இந்திய லினக்ஸ் அது. பலர் அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை என்பது வேறு கதை. அப்படிப்பட்ட ஒரு பழைய கணினியில் ஓப்பன்சிமின் ஒரு சிறு தீவை ஓட்ட முடியும். அதுவும் கனமாக இருந்தால் ஃபின்லாந்தின் பெர்ட்டு அஹோலா 2010இல் தொடங்கிய "மைன்டெஸ்ட்" இருக்கிறது. 2024 அக்டோபரிலிருந்து அதன் பெயர் "லுவாண்டி". கட்டை கட்டையாக அடுக்கி ஊர் கட்டும் திறமூல உலகம். பள்ளி ஆய்வகத்தில் ஒரு கணினி சர்வராகவும் மற்றவை அதோடு கம்பியில் இணைந்தும் இருந்தால், இணையமே தேவையில்லை.

அதில் என்ன கட்டுவது? 14,707 ஏக்கர் பாசனப் பரப்பை, அதன் வாய்க்கால்களோடும் மடைகளோடும் ஒரு வகுப்பு மாணவர்கள் கட்டிப் பார்க்கலாம். எந்த மடையைத் திறந்தால் எந்த வயலுக்குத் தண்ணீர் போகும் என்பது தாத்தாக்களுக்குத் தெரியும். கட்டுவதற்கு அவர்களிடம்தான் கேட்க வேண்டியிருக்கும். கட்டி முடித்ததை ஒரு கோப்பாகப் பள்ளியிலேயே வைத்துக்கொள்ளலாம். அடுத்த வருட மாணவர்கள் அதிலிருந்து தொடரலாம். எந்த நிறுவனம் மூடினாலும் அந்தக் கோப்பு போகாது, யாராவது ஒருவர் பத்திரமாக நகல் எடுத்து வைக்கும்வரை.

அந்த "யாராவது ஒருவர்" யார் என்பதை மென்பொருள் முடிவு செய்யாது. மராமத்து பார்க்க ஆளில்லாத கண்மாய் சொந்தக் கண்மாயாக இருந்தாலும் தூர்ந்துதான் போகும். 1978இல் எசெக்ஸ் மாணவர்கள் தொடங்கி 2024இல் ஹப்ஸ் பயனர்கள் வரை, பிழைத்த உலகங்களுக்கெல்லாம் இரண்டு விஷயங்கள் இருந்தன. நல்ல பத்திரம் ஒன்று, ராத்திரி எழுந்து மடையைப் பார்க்கிற ஆள் இன்னொன்று. முதலாவதைத் திறமூல உரிமம் தந்துவிட்டது. இரண்டாவதை அந்தந்த ஊர்தான் தர வேண்டும்.